காலரக்காவின் வாயில் ஒரு பொத்தான்

காலரக்கா கார் ஓட்டுகிற அழகைப் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு மூன்றாவது மாடியில் இருக்கிற அவள் வீட்டுக்கு ஏறிப் போக வேண்டும். நிஜக் கார் என்று நினைத்து யாரும் தெருவில் ஒதுங்கி நிற்க வேண்டாம். நிஜத்தில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதோடு சரி. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டு கிடைத்தால் கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஆள். அவள் ஓட்டுவது டிவிக்குள் ஓடுகிற கார்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தபோது துணிமணி, தலையணை, சுவரில் ஒட்டியிருந்த படம் வரை சுருட்டிக்கொண்டு போனவள், கேம் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். அதைத் தூசி தட்டலாம் என்று அம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்து நாலரை வருஷம் ஆகிறது. இன்னும் தட்டி முடிக்கவில்லை.

அவளுக்கு வேலை, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் யூனிஃபார்ம் தைக்கிற தொழிற்சாலையில். இருபத்து மூன்று வருஷமாகக் காலர்தான். சட்டையின் மற்ற பாகங்கள் எப்படி உண்டாகின்றன என்பது அவளுக்குக் கேள்வி ஞானம். அங்கே யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. தைக்கிற பாகம்தான் பெயர். பாக்கெட் தைக்கிறவருக்குக் கல்யாணப் பத்திரிகையிலேயே ‘பாக்கெட்’ என்று அச்சடித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பத்திரிகையைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

காலரக்கா கார் ஓட்டுவதும் காலர் தைப்பதும் ஏறக்குறைய ஒரே வேலை. முதலில் வெட்டித் தள்ளிய ஒட்டுத்துணியால் கன்ட்ரோலரைத் துடைப்பாள், மிஷினுக்கு எண்ணெய் போட்டபின் துடைக்கிற மாதிரி, சந்துபொந்தெல்லாம். பிறகு சோபா நுனியில் உட்கார்ந்து, வலது காலடியில் ஒரு பிஸ்கட் டப்பா மூடியைப் போட்டுக்கொள்வாள். அதுதான் மிதி. காரை விரட்டுவது கைவிரல், காலுக்கும் காருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று மகள் போனில் பத்துத் தடவை விளக்கியாகிவிட்டது.

“இருக்கட்டும்டி. கால் சும்மா இருந்தா கை தூங்கிடும்” என்று அம்மா மகளின் வாயை அடைத்துவிட்டாள்.

எப்போதும் கருநீலக் கார்தான். கேட்டால் அழுக்குத் தெரியாது என்பாள். டிவிக்குள் என்ன அழுக்கு என்று அவளிடம் கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது?

இதெல்லாம்கூடப் போகட்டும். பந்தயம் தொடங்கியதும் எல்லாக் கார்களும் அடித்துப்பிடித்து முன்னால் பாயும். அவள் கார் மட்டும் ஒரு முழம் பின்னால் போகும். தையலை ஆரம்பிக்கும்போது இரண்டு தையல் பின்னால் போட்டுவிட்டுத்தானே முன்னால் போக வேண்டும்? இல்லாவிட்டால் பிரிந்துவிடாதா? அதே நியாயம்தான். முன்னால் பாய்ந்த ஏழு கார்களும் முதல் வளைவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சந்தைக்கடை மாதிரி கிடக்கும்போது, இவள் நிதானமாக வந்து நடுவில் புகுந்து போய்விடுவாள். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் மறுபடி ஒரு முழம் பின்னால் வந்து, திரும்பத் தாண்டுவாள். தையல் முடிச்சு.

வளைவுகளில் அவளை மிஞ்ச ஆளில்லை. காலர் முனையைத் திருப்புகிற மாதிரி, இரண்டு விரற்கடை முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்து, உடம்போடு சேர்த்து ஒரு திருப்பு. மற்றவர்கள் சுவரில் தேய்த்துப் பொறி பறக்கப் போகிற இடத்தில் இவள் கார் இஸ்திரி போட்ட மாதிரி திரும்பும்.

இத்தனைக்கும் மேலே ஒரு பொத்தான். நான்கு கண் உள்ள வெள்ளைச் சட்டைப் பொத்தான். பந்தயம் தொடங்குமுன் அதை உதடுகளுக்கு நடுவில் கவ்விக்கொள்வாள்; முடிகிறவரை எடுக்க மாட்டாள். அது வந்த கதை வேறு.

அவள் வீட்டுக்காரர் குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுக்கிறவர். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை ஊரே அவர் காதில் திட்டும். குழாயில் காற்று வருகிறது, காவி நிறத்தில் வருகிறது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறது என்று. அதைக் கேட்டுவிட்டு வீடு வந்தால், ஆரம்ப காலத்தில், காலரக்கா காரும் ஓட்டுவாள், வாயும் ஓட்டுவாள். சிவப்புக் காரின் வளர்ப்பைப் பற்றி நாலு வார்த்தை, மஞ்சள் காரின் கண்பார்வையைப் பற்றி நாலு வார்த்தை, இடையில் தொழிற்சாலையில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்கிற விவரம் எல்லாம் கலந்து வரும். ஒருநாள் அவர் சட்டையின் மூன்றாவது பொத்தான் அறுந்துவிட்டது. தைக்க எடுத்தவள், பொத்தானை உதட்டில் கவ்வியபடியே, ஒரு ரவுண்டு மட்டும் என்று உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக முதலிடம். அன்றைக்குத்தான் வீட்டுக்காரரும் தன் வீட்டு மின்விசிறி என்ன சத்தம் போடும் என்பதை முதல்முறையாகக் கேட்டார்.

“பாத்தியா, பட்டன் ராசிம்மா. அத விட்டுடாத” என்றார்.

அவள் விடவில்லை. அவரும் சட்டையில் வேறு பொத்தான் தைக்க விடவில்லை. அந்த இடத்தில் சேஃப்டி பின் குத்திக்கொண்டு நாலு வருஷம் அலுவலகம் போனார். இவ்வளவு அன்பான மனுஷன் எந்த வீட்டில் கிடைப்பார் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

இப்போது தொழிற்சாலைக்கு வருவோம். நீளமான கூடம், ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். ஜன்னலோரம் எட்டு மிஷின்கள் போடலாம். வருஷத்துக்கு ஒருமுறை மிஷின்களையெல்லாம் கழற்றித் துடைத்துத் திரும்பப் போடும்போது, அந்த எட்டு இடம் எந்த லைனுக்கு என்று சீட்டுக் குலுக்குவார்கள். மூன்று வருஷமாகச் சீட்டு பேண்ட் லைனுக்கே விழுந்தது. குலுக்குகிற டப்பாவும் பேண்ட் லைன் டப்பா. இதில் ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லோரும் பேண்ட் லைன்காரர்கள்.

காலரக்காவுக்கு ஜன்னல் வெறும் காற்றுக்காக இல்லை. அவள் தலைக்கு மேலே இருக்கிற குழல்விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருக்கும். கருநீலத் துணியில் கருநீல நூல், வயசு ஐம்பத்தொன்று, கண்ணாடி மாற்றியும் போதவில்லை. இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை காலர் முனை கோணல் என்று செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தது. கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குகிற சூப்பர்வைசர் இருக்கிறார். எல்லோரும் விசில் என்றே சொல்வார்கள். அவர் நல்ல மனுஷன், அதனால் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். பேக்கிங்கில் சட்டை மடிக்கிற வேலை கண்ணுக்கு அவ்வளவு சிரமம் கொடுக்காது என்று. வெளிச்சம் இருந்தால் இப்போதும் காலர் கோணாது என்றாள் அவள். இந்த வருஷம் ஜன்னல் யாருக்கு விழுகிறதோ பார்க்கலாம், அதற்கப்புறம் பேசலாம் என்றார் அவர். அன்று வீட்டுக்குப் போனவள் ஐந்து பந்தயம் ஓட்டினாள், ஐந்திலும் பொத்தானைக் கடித்த கடியில் அதன் ஓரம் நெளிந்துவிட்டது.

சீட்டுக் குலுக்கலில் இந்த முறை காலர் லைன் கையெழுத்துப் போட மறுத்தது. டப்பாவை மாற்று, குலுக்குகிற கையை மாற்று என்று ஒரு வாரம் சண்டை. கடைசியில் விசிலே ஒரு வழி சொன்னார். கேன்டீனில் முதலாளி வாங்கி வைத்த டிவியும் கேம் பெட்டியும் இருக்கிறது. அதற்கு எந்த லைனும் சொந்தம் இல்லை. சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பின், சண்டை போடுகிற இரண்டு லைனிலிருந்தும் ஒவ்வொரு ஆள், மூன்று ரவுண்டு. ஜெயித்தவர் லைனுக்கு ஜன்னல்.

பேண்ட் லைன் ஜிப்பண்ணனை நிறுத்தியது. ஜிப் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கார் ஓட்டுவதிலும் கெட்டிக்காரர்தான், ஆனால் அவருக்கும் சாங்கியங்கள் உண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட வேண்டும். வீட்டிலிருந்து கொண்டு வந்த மெத்தைமேல்தான் உட்கார வேண்டும். மேல்கோட்டின் ஜிப்பைத் தாடை வரை இழுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார், எவ்வளவு வெயிலானாலும் சரி. உட்கார்ந்து தொடங்குவார், இரண்டாவது ரவுண்டில் அரைவாசி எழுந்திருப்பார், மூன்றாவதில் டிவியோடு நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் இருப்பவர்களுக்கு அவர் முதுகுதான் படம்.

சனிக்கிழமை கேன்டீனில் நிற்க இடமில்லை. காலரக்கா கன்ட்ரோலரைத் துடைத்தாள், டப்பா மூடியைக் காலடியில் போட்டாள், பொத்தானை எடுத்து உதட்டில் வைத்தாள். விசில் ஊதினார்.

“அக்கா, வாயில என்ன?”

அவள் உதட்டைச் சுட்டினாள்.

“எடுத்துடுங்க. போர்டு பாக்கலையா?”

போர்டு எல்லோருக்கும் தெரியும். போன வாரம் காஜா போடுகிற பெண் தும்மும்போது பொத்தானை விழுங்கி, ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே என்று பெரிய களேபரம். வாயில் ஊசி, நூல், பொத்தான் எதுவும் வைக்கக் கூடாது என்று மறுநாளே சுவரெங்கும் ஒட்டிவிட்டார்கள். மூன்று ரவுண்டு மட்டும் என்று கெஞ்சினாள். விசில் தலையை ஆட்டினார். அவருக்கும் மேலே ஒருத்தர் இருக்கிறாராம்.

பத்து நிமிஷம் அவகாசம் கேட்டுக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். வீட்டுக்காரரின் சொந்தப் போன் வேலை நேரத்தில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். ஒரே வழிதான். குடிநீர் புகார் எண்ணை அழுத்தி, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று சொன்ன அம்மாளோடு நாலு நிமிஷம் காத்திருந்தாள்.

“வணக்கம், குடிநீர் புகார் பிரிவு. சொல்லுங்க.”

“நான்தாங்க. இங்க பட்டன வாயில வைக்கக் கூடாதுங்கறாங்க.”

அங்கே பேசுவதெல்லாம் பதிவாகும், மேலதிகாரி கேட்பார். அவர் குரல் அசையவில்லை. “பதட்டப்படாதீங்கம்மா. எந்த ஏரியா?”

“எந்த ஏரியாவா? உங்க வீட்டு ஏரியாதான். ஜன்னல் போயிடும்ங்க. பட்டன் இல்லாம நான் எப்படி ஓட்டுவேன்?”

அந்தப் பக்கம் நாற்காலி ஒருதரம் கிறீச்சிட்டது. பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிற குரல் வந்தது.

“பட்டன்ல ஒண்ணுமில்லம்மா. நீ அது இல்லாமயே நல்லாத்தான் ஓட்டுவ.”

“அப்ப ராசின்னு ஏன் சொன்னீங்க?”

“நாள் பூரா காதுல திட்டு வாங்கிட்டு வரேன். வீட்லயாவது கொஞ்சம் சத்தமில்லாம இருக்கட்டுமேன்னு…” சட்டென்று குரல் நிமிர்ந்தது. “உங்க புகார் பதிவு செய்யப்பட்டதுங்கம்மா. நன்றி.”

காலரக்கா போனைப் பார்த்தாள். உள்ளங்கையில் இருந்த பொத்தானைப் பார்த்தாள். கேன்டீனுக்குள் வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து காலர் லைனே இரண்டடி விலகி வழி விட்டது.

டிவி இரண்டாகப் பிரிந்தது. மேல்பாதி ஜிப்பண்ணனுக்கு, கீழ்ப்பாதி இவளுக்கு. ஜிப் தாடைக்கு ஏறியது. மூன்று, இரண்டு, ஒன்று. கருநீலக் கார் ஒரு முழம் பின்னால் போனது. பேண்ட் லைன் சிரித்தது. காலர் லைன் தலையில் கை வைத்தது. முதல் வளைவில் கம்ப்யூட்டர் கார்கள் வழக்கம்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஜிப்பண்ணன் அதற்கு முன்பே பிய்த்துக்கொண்டு போயிருந்தார். இவள் நடுவில் புகுந்து இரண்டாவதாக வெளியே வந்தாள். கால் மூடியில் டிக் டிக்கென்று அடித்தது. கை சரியாக இருந்தது. வாய்தான் என்ன செய்வதென்று தெரியாமல் திறந்து கிடந்தது. நாலு வருஷம் அடைத்து வைத்த வாய்.

“நாலு வருஷம்” என்றாள், யாரையும் பார்க்காமல். “நாலு வருஷமா எங்க வீட்டுக்காரர் என் வாயில பட்டன் போட்டு வச்சிருக்கார்.”

கேன்டீன் சட்டென்று அடங்கியது. வளைவு வந்தது. அவள் மூச்சைப் பிடித்தாள், வாயை மூடினாள், திருப்பினாள். நேர் ரோடு வந்ததும் விட்ட இடத்தில் பிடித்தாள். “ராசியாம். அதுக்காக மூணாவது பட்டன் இல்லாத சட்டைய, பின்னு குத்திக்கிட்டுப் போட்டுட்டுப் போறார். தைச்சுத் தரேன்னா வேணாமாம்.”

“ஏன் வேணாமாம்?” என்றார் ஜிப்பண்ணன், பாதி எழுந்தபடி.

பாவம், அவர் சுபாவம் அப்படி. எதுவும் பாதியில் நின்றால் அவரால் தாங்க முடியாது. இழுத்தால் மேலே வரை போக வேண்டும். அதுதான் அவர் பிழைப்பு. இவளோ வளைவு வந்தால் வாயை மூடிவிடுவாள், உலகமே காத்திருந்தாலும் சரி. இதை அவள் வேண்டுமென்று செய்யவில்லை. காலர் முனையில் பேசினால் கோணிவிடும் என்று இருபத்து மூன்று வருஷமாக உடம்பில் ஊறியது. அது வேண்டுமென்று செய்ததுதான் என்று பேண்ட் லைன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது ரவுண்டு முழுக்க, தான் எவ்வளவு பெருமைப்பட்டேன், மகளிடம்கூட உங்கப்பா மாதிரி வருமா என்று சொன்னேன் என்பதெல்லாம் தவணை முறையில் வெளியே வந்தது. சாப்பாடு பரிமாறுகிறவர் கரண்டியோடு வந்து நின்றார். ஜிப்பண்ணன் இன்னும் முன்னால்தான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும், இங்கே சத்தம் நின்றதும், அவர் கார் லேசாகத் தள்ளாடியது. மூன்றாவது ரவுண்டு, கடைசி வளைவு. இரண்டு கார்களுக்கும் நடுவில் ஒரு கார் இடம்.

“இப்ப போன் பண்ணிக் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா?” என்றாள் காலரக்கா. வளைவு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

ஜிப்பண்ணன் டிவியை விட்டு முழுசாகத் திரும்பினார். “என்ன சொன்னார்?”

அவர் கார் அடுக்கி வைத்த டயர்களுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. கருநீலக் கார் காலர் முனை போலத் திரும்பி, பக்கத்தில் ஒரு தூசியும் கிளப்பாமல் கோட்டைத் தாண்டியது. தாண்டி, ஒரு முழம் பின்னால் வந்தது.

பேண்ட் லைன் விடுமா? திரும்பி வந்துவிட்டாள், அதனால் முடிக்கவில்லை என்றது. பேச்சுக் கொடுத்துக் கவிழ்த்தாள் என்றது. விசில் இரண்டு தடவை ஊதினார். முதல் வழக்குக்கு டிவியைக் காட்டினார். ‘1’ என்று பெரிசாக எழுதியிருந்தது. இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்தார்.

“வாய் காலியா இருக்கணும்னுதான் சொன்னேன். மூடியிருக்கணும்னு சொல்லல” என்றார்.

ஜிப்பண்ணன் இந்தச் சண்டை எதிலும் கலந்துகொள்ளவில்லை. தாடையிலிருந்து ஜிப்பை இறக்கிவிட்டு, காலரக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அதெல்லாம் விடுங்கக்கா. என்னதான் சொன்னார்?” சொன்னாள். புகார் பதிவு செய்யப்பட்டது என்கிற இடம் வரை குரலை மாற்றிச் சொன்னாள். கேன்டீனே குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மனுஷனை ஒருநாள் அழைத்து வாருங்கள், கை குலுக்க வேண்டும் என்றார் ஜிப்பண்ணன். எதற்காகக் கை குலுக்க வேண்டும் என்று அவர் வீட்டுக்காரி, பேண்ட் லைனில் பெல்ட் பட்டி தைக்கிறவள், கேட்டபோது, அவர் இறக்கிய ஜிப்பை மறுபடி தாடை வரை ஏற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்குள் மிஷின்களை நகர்த்திவிட்டார்கள். ஜன்னலோரம் மூன்றாவது இடம் காலரக்காவுக்கு. மத்தியான வெயில் ஊசித் தட்டின்மேல் நேராக விழுந்தது. கருநீல நூலை எடுத்து நுனியை ஈரப்படுத்தி ஊசிக்கண்ணில் கொடுத்தாள். ஒரே தடவையில் போய்விட்டது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். விசில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவள் தைத்துத் தள்ளிய முதல் காலரை எடுத்து, இரண்டு முனையையும் சேர்த்து மடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூடையில் போட்டார். பேக்கிங் என்கிற வார்த்தையை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்காரர் நாலரைக்கே வீட்டுக்கு வந்திருந்தார். பாத்திரம் கழுவியிருந்தது. துணி மடித்திருந்தது. பிஸ்கட் டப்பா மூடிக்காக ஒரு விரிப்புகூடச் சோபாவுக்கு முன்னால் போட்டிருந்தார். காலரக்கா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து, ஊசிநூல் டப்பாவை எடுத்து, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாலு வருஷமாக அவர் ஆசைப்பட்ட நிசப்தம் அன்றைக்கு வீடு முழுக்கக் கிடைத்தது, அவருக்கு வேர்த்துக்கொட்டியது.

“ஜன்னல் என்னாச்சும்மா?” என்றார் வாசற்படியில் நின்றபடி.

“சட்டையக் கழட்டுங்க.”

கழற்றிக் கொடுத்தார். பின்னை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஓரம் நெளிந்த அந்தப் பொத்தானை மூன்றாவது இடத்தில் வைத்து, நாலு கண்ணிலும் குறுக்கு நெடுக்காகத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். சட்டையை உதறி அவர் கையில் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மாட்டினார். நாலு வருஷத்தில் முதல்முறையாக எல்லாம் மாட்டியது. தப்பித்தோமா மாட்டிக்கொண்டோமா என்று தெரியாத முகத்தோடு வந்து சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

ஆறு மணி. கன்ட்ரோலரைத் துடைத்தாள். காலடியில் மூடியைச் சரிசெய்தாள். கருநீலக் கார் ஒரு முழம் பின்னால் போய் முன்னால் கிளம்பியது.

“ஜன்னல் கிடைச்சிருச்சு” என்றாள். “அது எப்படி கிடைச்சதுன்னு கேளுங்க. அந்த ஜிப்பண்ணன் இருக்காரே…”

அவர் காது ஒரு வேலைநாளின் திட்டு அத்தனையையும் வாங்கி வந்த காதுதான். ஆனாலும் இதில் குழாய் இல்லை, காவித் தண்ணீர் இல்லை, பக்கத்து வீடு இல்லை. யாரோ ஒருவர் தாடை வரை ஜிப்பை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கரண்டி அந்தரத்தில் நின்றிருந்தது. அவர் தன்னையறியாமல் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். காலரக்கா பாதியில் வாயை மூடினாள். வளைவு.

“அப்புறம்?” என்றார்.

அவள் கன்ட்ரோலரிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள், பொறுங்கள் என்று. கார் திரும்பியது, அவளும் திரும்பினாள், தோள் அவர் தோளில் வந்து இடித்தது. பிறகு நேர் ரோடு வந்தது.